அமால்ஃபி: ஒரு கமாவில் பிறந்த மாலுமி

இன்றைய எபிசோடு ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்குது.

கடல் பயணங்களின் வரலாறு பற்றிப் பேசின ஒரு பழைய எபிசோடில், திசைகாட்டிக்காக இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அதில் போற போக்கில் ஒரு வரி: "1302-இல் இத்தாலியின் அமால்ஃபி ஊரைச் சேர்ந்த ஃப்ளாவியோ ஜோயா என்ற மாலுமி ஐரோப்பாவில் திசைகாட்டியைக் கண்டுபிடித்தார்." ஒரு நேயர் சுருக்கமா ஒரு மெயில் போட்டார். "அண்ணா, அப்படி ஒரு ஆளே கிடையாது. கொஞ்சம் பார்த்துட்டுச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்லணும்னா முதலில் கோபம்தான் வந்தது. ஆளே கிடையாதா? அந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கு. சிலை நிற்கிற சதுக்கத்துக்கு அவர் பெயர் இருக்கு. பழைய என்சைக்ளோபீடியாக்களில் அவர் இருக்கார். அப்புறம் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். நேயர் சொன்னதுதான் சரி. ஆனால் படிக்கப் படிக்க அந்த மாலுமியை விட அந்த ஊர்தான் என்னைப் பிடிச்சுக்கிட்டது. அதனால இன்னைக்கு முழுக்க அமால்ஃபி. ஃப்ளாவியோ ஜோயாவிடம் கடைசியில் வருவோம்.

மேப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியை ஒரு பூட்ஸ் காலாக நினைத்தால், முன்பக்கம் கணுக்காலுக்குச் சற்று மேலே நேப்பிள்ஸ். அதற்குத் தெற்கே கடலுக்குள் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். அது சொரென்டோ தீபகற்பம். விரலின் வடக்குப் பக்கம் நேப்பிள்ஸ் வளைகுடா, வெசூவியஸ் எரிமலை, பாம்பேயி எல்லாம். தெற்குப் பக்கம் சலேர்னோ வளைகுடா. அந்தத் தெற்குப் பக்கத்தில்தான் அமால்ஃபி.

இப்போ சாட்டிலைட் வியூவுக்கு மாறுங்க. விரலின் முதுகெலும்பு முழுக்க லட்டாரி மலைகள். அமால்ஃபிக்கு நேர் பின்னால் செரெத்தோ சிகரம், 1,300 மீட்டருக்கு மேல். கடலிலிருந்து அந்தச் சிகரத்துக்கு நேர்கோட்டில் சில கிலோமீட்டர்தான். அப்படியென்றால் அது சரிவு இல்லை, கிட்டத்தட்ட சுவர். அந்தச் சுவரில் அங்கங்கே மழைநீர் அறுத்த இடுக்குகள். அதில் ஒன்றில் கன்னெத்தோ என்ற சிற்றோடை இறங்கி வருது. அந்த இடுக்கின் வாயில்தான் ஊர். இன்றைக்கு ஜனத்தொகை சுமார் 5,000. ஊரின் பிரதான தெருவுக்கு அடியில்தான் அந்த ஓடை ஓடுது. தெருவுக்கும் ஓடைக்கும் தனித்தனியா இடம் கொடுக்க அங்கே அகலம் கிடையாது.

இந்த நிலத்தில் கோதுமை விளையாது. உழுவதற்குச் சமதளம் வேண்டுமே! மலைச்சரிவில் கல் அடுக்கித் திட்டுத் திட்டாகப் படிக்கட்டு வயல்கள் கட்டினார்கள். இன்று அதில் விளைவது எலுமிச்சை. நுனி கூர்ந்து, நம்ம ஊர் எலுமிச்சையைப் போலப் பல மடங்கு பெரிசா இருக்கும். சஃபுசாத்தோ என்று அதற்குப் பெயர். திராட்சை உண்டு. மேலே காட்டில் செஸ்ட்நட் மரங்கள். ஆனால் வயிற்றுக்கு ரொட்டி வேண்டுமென்றால் வெளியிலிருந்து வரணும். எந்த வழியாக வரும்? தரைவழி என்பது மலையேறி இறங்கும் கோவேறு கழுதைப் பாதைகளும் ஆயிரக்கணக்கான படிகளும்தான். இன்று இன்ஸ்டாகிராமில் நீங்க பார்க்கிற அந்த வளைந்து வளைந்து போகும் கடற்கரைச் சாலை 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் போடப்பட்டது. அதுவரைக்கும் இந்த ஊரின் வாசல் கடல் பக்கம்தான் இருந்தது.

இதை மனசில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை பாதி புரிஞ்சுடும். இந்த ஊர்க்காரர்கள் கடலுக்குப் போனதில் வீரசாகசம் எதையும் நான் தேடமாட்டேன். வீட்டில் மாவு இல்லை, போனாங்க.

எழுத்தில் அமால்ஃபி முதலில் தலைகாட்டுவது 596-இல். அந்த முதல் குறிப்பே ஒரு புகார். போப் முதலாம் கிரகோரி எழுதிய கடிதம் அது: அமால்ஃபியின் ஆயர் பிமேனியுஸ் தன் ஊரில் தங்காமல் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறார், அவரை ஒழுங்காக ஊரில் இருக்கச் செய்யுங்கள் என்று. ஆயரையே ஊரில் பிடித்து வைக்க முடியாத ஊர். எனக்கு இந்தக் கடிதம் ரொம்பப் பிடிச்சது. ஊரின் மொத்தக் குணமும் முதல் வரியிலேயே தெரியுது.

அப்போது அமால்ஃபி நேப்பிள்ஸ் டச்சியின் கீழ் இருந்தது. நேப்பிள்ஸோ பெயருக்குக் கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்த பைசாந்தியப் பேரரசின் கீழ். உள்நாடு முழுக்க லொம்பார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தவர் கையில். 838-இல் பெனெவென்டோவின் லொம்பார்டு இளவரசர் சிக்கார்டு அமால்ஃபியைப் பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை; மக்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து சலேர்னோவில் குடியேற்றினார். ஊரை விட ஊர்க்காரர்கள்தான் அவருக்கு முக்கியம். கப்பல் ஓட்டத் தெரிந்தவர்கள் ஆச்சே. அடுத்த வருஷமே சிக்கார்டு கொலை செய்யப்பட்டார். குழப்பத்தைப் பயன்படுத்தி, குடியேற்றப்பட்ட அமால்ஃபி மக்கள் சலேர்னோவைச் சூறையாடிவிட்டுத் தங்கள் இடுக்குக்கே திரும்பிப் போனார்கள். 839 செப்டம்பர் 1 அன்று தங்களுக்கென்று ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நேப்பிள்ஸும் வேண்டாம், லொம்பார்டும் வேண்டாம். அமால்ஃபியின் தனி வாழ்க்கை அங்கே ஆரம்பிக்குது.

இங்கே ஒரு விஷயத்தை நேராகப் பேசிடணும். சுற்றுலாப் புத்தகங்கள் அமால்ஃபியைக் "கிறிஸ்தவ ஐரோப்பாவின் கடற்காவலன்" என்கிற மாதிரி எழுதும். அதற்கு ஆதாரமாக 849-இல் நடந்த ஓஸ்தியா கடற்போரைச் சொல்லுவாங்க. ரோம் நகரைத் தாக்க வந்த அரபுக் கப்பற்படையை நேப்பிள்ஸ், கயேத்தா, அமால்ஃபி கப்பல்கள் சேர்ந்து எதிர்த்தன; புயலும் உதவியது. வெற்றி. பல நூற்றாண்டுகள் கழித்து ரஃபேலின் பட்டறை அந்தப் போரை வத்திக்கான் சுவரில் வரைந்தது. எல்லாம் உண்மைதான்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு தலைமுறை கழித்து, இதே அமால்ஃபி அரபுகளுடன் கைகோத்துக்கொண்டு நன்றாக வியாபாரம் செய்துகொண்டிருந்தது. போப் எட்டாம் ஜான் கெஞ்சினார், மிரட்டினார். சபையிலிருந்து விலக்கிவிடுவேன் என்றார். கடைசியில், அரபுகளுடன் உறவை முறித்துக்கொண்டால் பணம் தருகிறேன் என்று கொடுத்தும் பார்த்தார். அமால்ஃபிக்காரர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு, "பேசின தொகை இதை விட அதிகம், மீதி எங்கே?" என்று கேட்டார்கள். உறவு முறியவில்லை. துரோகம் என்று அன்றைக்கே எழுதினவர்கள் உண்டு. எனக்கு அந்த வார்த்தை வரலை. வடக்கே நேப்பிள்ஸும் கிழக்கே லொம்பார்டுகளும் நெருக்கும்போது, தெற்கே சிசிலியிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருந்த அரபுச் சந்தைகள்தான் அந்த ஊருக்கு அடுப்பு எரிய வழி.

அந்த வியாபாரம் எப்படி ஓடியது என்று பாருங்க. வட ஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் கப்பல் கட்ட மரத்துக்குப் பஞ்சம். அமால்ஃபிக்குப் பின்னால் இருந்த மலைகளில் காடு. மரத்தையும் இத்தாலிய விளைபொருட்களையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போய் விற்பார்கள்; கைக்குத் தங்கக் காசு வரும். அந்தத் தங்கத்தோடு கான்ஸ்டான்டினோப்பிள் போய்ப் பட்டு, நகை, தேவாலயச் சாமான்கள் வாங்கி இத்தாலியில் விற்பார்கள். எகிப்துச் சந்தையில் மிளகும் வாசனைப் பொருட்களும் கிடைக்கும். அந்த மிளகு எங்கிருந்து போனது என்று உங்களுக்குத் தெரியும். நம்ம பக்கத்து மலபார் கரையிலிருந்து செங்கடல் வழியாக.

அவர்கள் அச்சடித்த காசைப் பார்த்தால் இந்த வாழ்க்கை மொத்தமும் தெரியும். தரி என்று பெயர். சின்னத் தங்கக் காசு. அரபு தினாரின் கால் பங்கு நாணயத்தைப் பார்த்து அடித்தது. கிறிஸ்தவ ஊரின் காசில் கூஃபி எழுத்து மாதிரி கோடுகள். அச்சடித்தவருக்கு அரபு தெரியாததால் பல காசுகளில் அது வெறும் கோலம்தான், படிக்க முடியாது. ஆனால் சந்தையில் செல்லுபடியாகணும், அதுதானே முக்கியம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. 996 மே மாதம், கெய்ரோ. ஃபாத்திமியக் கலீஃபாவின் கடற்படை துறைமுகத்தில் கட்டி முடிக்கப்பட்டுக்கொண்டிருந்த கப்பல்கள் தீப்பற்றி எரிந்தன. யார் வைத்தது? பக்கத்திலேயே வெளிநாட்டு வணிகர்கள் தங்கியிருந்த இடம். அமால்ஃபிக்காரர்கள்! கூட்டம் பாய்ந்தது. நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், சரக்குகள் கொள்ளை போயின. பிறகு அரசு விசாரித்து, கொள்ளையர்களைத் தண்டித்து, சரக்கை மீட்க முயன்றது.

இந்த ஒரு சம்பவத்தில் எனக்கு இரண்டு விஷயம் தெரியுது. ஒன்று, புரளி எவ்வளவு வேகமா ஆளைக் கொல்லும் என்பது; அது அன்றைக்கும் அப்படித்தான். இன்னொன்று கணக்கு. ஒரே நாளில், ஒரே வெளிநாட்டு நகரத்தில், நூற்றுக்கு மேல் அமால்ஃபி வணிகர்கள் சாக முடிந்தது என்றால், அங்கே எத்தனை பேர் வாழ்ந்திருக்கணும்? அந்த இடுக்கிலிருந்து எத்தனை பேர் கிளம்பிப் போயிருக்கணும்? பத்தாம் நூற்றாண்டில் இத்தாலிக்கு வந்த அரபுப் பயணி இபின் ஹவ்கல், அந்தப் பகுதியிலேயே செல்வத்தில் முதன்மையான ஊர் என்று அமால்ஃபியைப் புகழ்ந்து எழுதியதில் ஆச்சரியம் இல்லை.

சில புத்தகங்களில் அன்றைய அமால்ஃபியின் ஜனத்தொகை 50,000, 70,000 என்றெல்லாம் போட்டிருக்கும். அந்தப் பள்ளத்தாக்கை மேப்பில் பார்த்த எனக்கு அது செரிக்கலை. ரவெல்லோ, ஸ்காலா, அத்ரானி, காப்ரி தீவு என்று டச்சி முழுக்கவும், வெளிநாடுகளில் இருந்தவர்களையும் சேர்த்துச் சொன்னால் ஒருவேளை இருக்கலாம். ஊருக்குள் மட்டும் அத்தனை பேர் என்றால் ஒருத்தர் தோள்மேல் ஒருத்தர் நின்றிருக்கணும்.

வெளியே போனவர்கள் விட்டுச் சென்றதில் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கு. 11ஆம் நூற்றாண்டில், முதல் சிலுவைப்போருக்கு முன்பே, அமால்ஃபி வணிகர்கள் ஜெருசலேமில் இடம் வாங்கி ஒரு மடமும், யாத்ரீகர்களுக்கு ஒரு மருத்துவ விடுதியும் கட்டினார்கள். அப்போது ஜெருசலேம் முஸ்லிம் ஆட்சியில். கெய்ரோவில் இருந்த வணிகப் பழக்கம் இல்லாமல் அந்த அனுமதி கிடைத்திருக்காது. அந்த விடுதியை நடத்தினவர்கள்தான் பிறகு 1113-இல் போப்பின் அங்கீகாரம் பெற்று ஹாஸ்பிட்டலர் சபை ஆனார்கள். ரோட்ஸ் தீவு, அப்புறம் மால்டா, இப்போது ரோம். மால்டா சபை என்று கேள்விப்பட்டிருப்பீங்க. சொந்த நிலம் இல்லாமலேயே நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் தூதரக உறவு வைத்திருக்கும் அமைப்பு. அதன் வேர் ஒரு வணிகர் சங்கத்தின் தர்மசத்திரம்.

அதே காலத்தில் பந்தலேயோனே என்ற பணக்கார அமால்ஃபிக்காரர், 1060 வாக்கில், கான்ஸ்டான்டினோப்பிளில் வெண்கலக் கதவுகள் செய்யச் சொல்லி ஊர் கதீட்ரலுக்கு அனுப்பினார். ஆயிரம் வருஷம் ஆகப்போகுது, கதவு இன்னும் அங்கேயே நிற்குது.

கடற்சட்டம் பற்றியும் ஒரு நிமிடம். 'தாபுலா அமால்ஃபித்தானா' என்று 66 பிரிவுகள் கொண்ட ஒரு தொகுப்பு. முதல் 21 லத்தீனில், மீதி 45 மக்கள் பேசிய இத்தாலியனில். கப்பலில் பணம் போட்டவனும், கப்பல் சொந்தக்காரனும், ஏறி வேலை செய்தவனும் லாபத்தை எப்படிப் பிரிப்பது; புயலில் கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிந்தால் அந்த நஷ்டத்தை எல்லோரும் எப்படிச் சுமப்பது என்பதெல்லாம் அதில் இருக்கு. இரண்டாவது விதியை யோசிச்சுப் பாருங்க. என் மூட்டையை எறிந்ததால் உன் மூட்டை பிழைத்தது, எனவே என் நஷ்டத்தில் உனக்கும் பங்கு. இன்றைய கப்பல் காப்பீட்டிலும் இந்த யோசனை உண்டு. இதன் கையெழுத்துப் பிரதி 1843-இல் வியன்னாவில் கண்டுபிடிக்கப்பட்டு, 1929-இல் அமால்ஃபிக்குத் திரும்பி வந்தது.

சரி, இவ்வளவு பெரிய ஊர் எப்படிச் சுருங்கியது?

இணையத்தில் தேடினால் ஒரு பதில் சினிமா மாதிரி கிடைக்கும். 1343 நவம்பர் 25 இரவு, பயங்கரப் புயல், ராட்சத அலை, அமால்ஃபியின் பாதியும் கடலுக்குள் போனது, சாம்ராஜ்யம் முடிந்தது. தம்ப்னெய்லுக்கு அருமையான கதை. அதில் பாதி நடந்ததுதான்.

நடந்ததை முதலில் சொல்றேன். அந்த நாளில் கவிஞர் பெத்ரார்க் நேப்பிள்ஸில் இருந்தார். போப்பின் வேலையாக வந்தவர், ஒரு மடத்தில் தங்கியிருந்தார். அந்தத் தேதியில் பேரழிவு வரும் என்று ஓர் ஆயர் முன்பே சொல்லி ஊரே பயந்து கிடந்ததாம். நள்ளிரவில் கட்டிடம் குலுங்கி, விளக்குகள் அணைந்ததையும், துறவிகள் சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும், விடிந்ததும் துறைமுகத்தில் கப்பல்கள் நொறுங்கிக் கிடந்ததையும், கண்ணெதிரே மனிதர்கள் மூழ்கியதையும் தன் நண்பர் ஜொவான்னி கொலோன்னாவுக்குக் கடிதமாக எழுதினார். இனி என்னைக் கடல் பயணம் போகச் சொல்லாதீர்கள் என்று முடிக்கிறார். அது நேப்பிள்ஸ் காட்சி. அதே கடற்சீற்றத்தில்தான் அமால்ஃபியின் தாழ்வான கரைப்பகுதியும் துறைமுகமும் போயின. கல் வளைவுகள் தாங்கிய கப்பல் கட்டும் கூடம் ஒன்று இருந்தது. அதில் ஏறக்குறைய பாதியைக் கடல் கொண்டுபோனது. மீதிப் பாதி இன்னும் நிற்குது.

அது புயல் மட்டும்தானா? 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, தெற்கே கடலில் இருக்கும் ஸ்ட்ரோம்போலி எரிமலைத் தீவில் இடைக்காலச் சுனாமிப் படிவுகளைத் தோண்டி எடுத்தது. தீவின் சரிவு ஒன்று கடலுக்குள் இடிந்து விழ, அதனால் எழுந்த அலைதான் 1343-இல் நேப்பிள்ஸ் வரை வந்தது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நேப்பிள்ஸிலிருந்து ஸ்ட்ரோம்போலி 200 கிலோமீட்டருக்கும் மேல். பெத்ரார்க் அந்தக் காரணத்தை யோசித்திருக்க வழியே இல்லை.

ஆனால் பாருங்க, 1343-இல் அமால்ஃபிக்கு இழக்க சாம்ராஜ்யம் எதுவும் இல்லை. அது இருநூறு வருஷம் முன்பே போய்விட்டது. 1073-இல் நார்மன் தலைவர் ராபர்ட் கிஸ்கார்டிடம் ஊர் அடங்கியது. நடுவில் கலகம் செய்து மீண்டும் தனியாக நின்று பார்த்தது. 1131-இல் சிசிலியின் மன்னர் இரண்டாம் ரோஜர் அதை முடித்து வைத்தார். இப்போது யாரோடு நட்பு, யாரோடு பகை என்பதை அமால்ஃபி தீர்மானிக்க முடியாது. அதுவரை அந்த ஊரின் மூலதனமே அந்தச் சாமர்த்தியம்தானே! மன்னரின் எதிரி ஊருக்கும் எதிரி ஆனான். ரோஜருக்கு எதிரிகளில் ஒன்று பீசா. 1135-இல், அமால்ஃபியின் கப்பல்களும் ஆட்களும் மன்னரின் போருக்காக வெளியே போயிருந்த நேரம், பீசாக்காரர்கள் வந்து கொள்ளையடித்தார்கள். 1137-இல் மறுபடியும் வந்தார்கள்.

இன்னொரு காரணம் நமக்கு முன்னாலேயே தெரியும்: நிலம். பீசாவுக்குப் பின்னால் சமவெளி. ஜெனோவாவுக்குப் பின்னால் வடஇத்தாலியின் சந்தைகளுக்குப் போகும் கணவாய்கள். வெனிஸுக்குப் போ நதி. அமால்ஃபிக்குப் பின்னால் சுவர். வளர்ந்த காலத்தில் காவலாக இருந்த அதே மலை, பெரிய போட்டி வந்தபோது இடம் தரவில்லை. அலை வந்து ஊரை முடித்தது என்பது கேட்க நன்றாக இருக்கு. எனக்கென்னவோ, யாரோ ஒருத்தரின் அரசியல் தோல்வியைக் கடல் தலையில் கட்டிவிட்ட மாதிரி தோணுது.

பிறகு ஊர் கப்பலை விட்டுவிட்டு ஓடையைப் பிடித்தது. கன்னெத்தோ ஓடைப் பள்ளத்தாக்குக்கு 'ஆலைகளின் பள்ளத்தாக்கு' என்றே பெயர். அங்கே காகிதம் செய்தார்கள். அரபுகளிடம் கற்ற தொழில். கந்தல் துணியை ஊறவைத்து, தண்ணீர் விசையில் இயங்கும் மரச் சம்மட்டிகளால் இடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளித் தாள் எடுப்பது. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக், அரசு ஆவணங்களைக் காகிதத்தில் எழுதக் கூடாது, தோலில்தான் எழுதணும் என்று தடை போட்டார். காகிதம் நீடிக்காது என்று பயம். அந்தக் காகிதமே ஊருக்குப் பல நூற்றாண்டு சோறு போட்டது. 1954-இல் சலேர்னோ கடற்கரையைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளம் ஆலைகளில் பெரும்பாலானவற்றை அடித்துக்கொண்டு போனது. பழைய ஆலை ஒன்று இப்போது காகித அருங்காட்சியகம். கையால் தாள் எடுப்பது இன்னும் முழுசா நிற்கலை.

இப்போது ஃப்ளாவியோ ஜோயா.

15ஆம் நூற்றாண்டில் ஃப்ளாவியோ பியோண்டோ என்ற வரலாற்றாசிரியர், இத்தாலியின் ஊர்களைப் பற்றி எழுதும்போது, காந்த ஊசியைக் கடலில் பயன்படுத்தும் முறை அமால்ஃபிக்காரர்களுடையது என்று ஒரு பேச்சு இருப்பதாகக் குறிப்பிட்டார். 1511-இல் பொலோன்யாவைச் சேர்ந்த ஜொவான்னி பத்திஸ்தா பியோ என்ற அறிஞர் அதை எடுத்து லத்தீனில் ஒரே வரியாகச் சுருக்கினார்: அமால்ஃபியில் காந்தத்தின் பயன் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஃப்ளாவியோ சொல்கிறார். இதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் லத்தீன் வாக்கிய அமைப்பில், 'ஃப்ளாவியோவால்' என்ற சொல் நடுவில் நிற்குது. கமாவை அதற்கு முன்னால் போட்டால் 'ஃப்ளாவியோவால் சொல்லப்படுகிறது'. பின்னால் போட்டால் 'ஃப்ளாவியோவால் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது'.

குழப்பமா இருந்தால் தமிழில் ஒன்று பாருங்க. "ரவி பார்த்ததாகச் சொன்னான்." பார்த்தது ரவியா, சொன்னது ரவியா? இரண்டு மாதிரியும் படிக்கலாம் இல்லையா? அதேதான்.

1540-இல் ஜிரால்தி என்ற இன்னொரு அறிஞர் தப்பான பக்கமாகப் படித்தார். செய்தியைச் சொன்ன எழுத்தாளர், கண்டுபிடித்த மாலுமி ஆனார். ஆளுக்கு ஊர் வேண்டாமா? அதே நூற்றாண்டில் நேப்பிள்ஸ் வரலாற்றாசிரியர் மத்செல்லா, இந்த ஃப்ளாவியோ புலியா பகுதியில் உள்ள ஜோயா ஊரில் பிறந்தவர் என்று சேர்த்தார். ஊர்ப் பெயர் குடும்பப் பெயர் ஆச்சு. வருஷம் வேண்டாமா? 1302 வந்து ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலி ஒரே நாடாகித் தனக்கு வீரர்களைத் தேடின காலத்தில், ஜோயாவும் வரிசையில் நின்றார். அல்ஃபோன்சோ பால்சிகோ செய்த வெண்கலச் சிலை துறைமுகத்துக்கு எதிரே நிற்குது, கையில் திசைகாட்டியோடு. நாலு நூற்றாண்டுகளாக ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்காங்க. அந்த வரிசையில் கடைசியாக, மைக்கோட நான்.

அப்போ திசைகாட்டி? சீனாவில் ஷென் குவோ 1088 வாக்கிலேயே காந்த ஊசி பற்றி எழுதிவிட்டார். ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் நெக்கம் மாலுமிகள் ஊசி பயன்படுத்துவதைக் குறிப்பிடுகிறார். 1302-க்கு நூறு வருஷம் முன்பு. அமால்ஃபி மாலுமிகள் அதை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டவர்களில் இருக்கலாம். ஊசியை முள்மேல் நிறுத்தி, திசை வரைந்த அட்டையோடு பெட்டிக்குள் வைத்ததில் அவர்களுக்குப் பங்கு இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியே இருந்தாலும் அது பெயர் தெரியாத பலரின் கைவேலை. ஜெருசலேம் சத்திரத்தையும் கடற்சட்டத்தையும் தந்த ஊரில், சிலை கிடைத்தது மட்டும் பிறக்காத ஒருத்தருக்கு.

கதீட்ரலும் கொஞ்சம் அப்படித்தான். நீண்ட படிக்கட்டு ஏறி, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட முகப்பைப் பார்த்து, "ஆஹா, இடைக்காலம்" என்று ரீல்ஸ் எடுப்பாங்க. பழைய முகப்பு 1861-இல் இடிந்தது. இப்போது இருப்பது 1891-இல் கட்டி முடித்தது. இடைக்காலம் என்றால் அந்த வெண்கலக் கதவு. அதைப் பெரும்பாலும் தள்ளிக்கொண்டு உள்ளே போயிடுறாங்க.

இன்றைக்கு இத்தாலியக் கடற்படைக் கொடியில் வெனிஸ், ஜெனோவா, பீசாவோடு அமால்ஃபியின் சின்னமும் இருக்கு. நாலு ஊரும் வருஷா வருஷம் முறை வைத்துப் படகுப் போட்டி நடத்துகின்றன. 1997-லிருந்து இந்தக் கடற்கரை யுனெஸ்கோ பட்டியலில். ஆனால் அந்த மலை இன்னும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கு. 2010 செப்டம்பரில் பக்கத்து அத்ரானியில், தெருவுக்கு அடியில் மூடி வைத்திருந்த ஓடை மழையில் வெடித்துக் கிளம்பியது. ஓர் இளம்பெண் உயிரிழந்தார். பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய ஊராட்சி அது, 0.12 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் அமால்ஃபியிலேயே பாறை சரிந்து கடற்கரைச் சாலை அறுந்தது. பல வாரம் சாலை மூடிக் கிடந்தது. எலுமிச்சைத் திட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் குறைய, கல் சுவர்கள் தளர்ந்து சரிவும் தளர்கிறது. கோடையில் மட்டும் அந்தச் சாலையில் பஸ்ஸும் காரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். அப்போ அவசரமா போகணும்னா, பழையபடி படகுதான்.

பழைய எபிசோடை நான் நீக்கலை. அதன் குறிப்பில் திருத்தம் போட்டிருக்கேன். மெயில் அனுப்பின நேயருக்கு நன்றியும் சொல்லியாச்சு. அவர் இன்னொரு தகவலும் அனுப்பினார். நிலாவின் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கு. அதன் பெயர் ஜோயா. நம்ம ஃப்ளாவியோ ஜோயாதான். அதை இன்னும் யாரும் மாற்றலை.